திருச்சியா, தஞ்சாவூரா? பொன்மலை ஆஸ்பத்திரியிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

கேள்வி: பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 60. மனைவிக்கு 56, சர்க்கரை உண்டு, மூன்று ஆண்டுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு 83, வாக்கர் பிடித்து நடப்பார். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். திருவையாறு பக்கம் பூர்விக நிலம் ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சென்னை பிளாட்டை விற்றால் கையில் 55 லட்சம் ரூபாய் நிற்கும். சொந்தக்காரர்கள் தஞ்சாவூருக்கு வரச் சொல்கிறார்கள். மகள் திருச்சிதான் என்கிறாள். மத்திய அரசின் தரவரிசையில் திருச்சி பத்தாவது இடம் என்று காட்டுகிறாள். மனைவிக்குத் திருவையாறு, பாட்டு, கச்சேரி என்றால் உயிர். எந்த ஊரில் வாழ்க்கைத் தரம் உயர்வு? எங்கே வீடு வாங்கலாம்?

பதில்: ஐயா, மகள் சொல்லும் தரவரிசை உண்மையானதுதான். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு வாழ்வெளிமைக் குறியீட்டில் 111 நகரங்களை எடுத்தார்கள். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகைப் பிரிவில் சிம்லா முதலிடம், திருச்சி பத்தாவது. அந்த மதிப்பெண்ணில் 35 சதவீதம் வாழ்க்கைத் தரத்துக்கு, 20 சதவீதம் நீடித்த தன்மைக்கு, 15 சதவீதம் பொருளாதாரத் திறனுக்கு, 30 சதவீதம் மக்களிடம் கேட்ட கருத்துக்கு. முழு ஊருக்கும் எடுத்த சராசரி அது. 83 வயது அம்மா வாக்கரோடு எந்தத் தெருவில் நடக்க முடியும், நடு ராத்திரியில் உங்கள் துணைவியாருக்கு நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவரிடம் சேரலாம் என்பவை அதில் இல்லை. உங்கள் வீட்டுக்கு இந்த இரண்டும்தான் வாழ்க்கைத் தரம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சிக்குப் போங்கள், அதிலும் சுப்பிரமணியபுரம், பொன்மலைப்பட்டி, கே.கே. நகர் வட்டாரத்துக்கு. ஆனால் முதல் ஆண்டு வாங்க வேண்டாம், வாடகைக்கு இருங்கள். காரணங்களைச் சொல்கிறேன், உங்கள் நிலைமை மாறினால் முடிவும் எங்கே மாறும் என்பது அதிலேயே தெரியும்.

இரண்டு ஊரும் ரயிலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவை. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சியில் எட்டரை லட்சத்துக்கு அருகில் மக்கள், தஞ்சாவூரில் இரண்டே கால் லட்சத்தை ஒட்டி. திருச்சி 1994-இல் மாநகராட்சி ஆனது, தஞ்சாவூர் 2014-இல். அளவில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் தஞ்சாவூரில் அன்றாடம் எளிது: கடை, வங்கி, கோயில், மருந்து எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அவசரம், அபூர்வம், தொலைதூரம் என்று வரும்போது திருச்சி எளிது. உங்கள் வீட்டில் அன்றாடத்தை யாராவது ஒருவர் சமாளித்துவிடலாம். அவசரத்தைச் சமாளிக்க அப்படி ஆள் இல்லை, மகள் கடல் கடந்து இருக்கிறாள். தராசு சாய்வது அங்கேதான்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ரயில்வே ஓய்வூதியர். கையில் இருக்கும் உம்மிட் அட்டை, அதாவது ரயில்வே மருத்துவ அடையாள அட்டை, 55 லட்சத்துக்குச் சமமான சொத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி கோட்டத்தின் ரயில்வே மருத்துவமனை பொன்மலையில் இருக்கிறது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாதாமாதம் மாத்திரை, ஆண்டுக்குச் சில பரிசோதனை, தேவைப்பட்டால் உள்நோயாளியாகச் சேர்வது எல்லாம் அங்கே நடக்கும். அதற்கும் மேல் சிகிச்சை என்றால் நீங்கள் ஏற்கெனவே அறிந்த பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அல்லது பரிந்துரைக் கடிதத்தோடு ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கு. ஒப்பந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். வீடு பார்க்கும் முன்பே பொன்மலைக்குப் போய் இதய சிகிச்சைக்கு இப்போது எந்தெந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, அவசரத்தில் நேரே போய்ச் சேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ரயில்வே மருத்துவமனையிலிருந்தோ சுகாதார நிலையத்திலிருந்தோ 2.5 கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர்கள், புறநோயாளி வசதியை விட்டுக்கொடுத்து, மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொள்ளலாம். ஊர் மாறும்போது படிவத்தில் 'ஆம்' என்று டிக் போட்டுவிட்டு, பிறகு மாத்திரைக்குப் போய் நின்றால் இல்லை என்பார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் ஒரு மாத மருந்துச் செலவு எவ்வளவு என்று பழைய ரசீதை வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் அடங்காது என்றால் அந்தப் படியைத் தொடாதீர்கள். தாயாரின் பெயர் அட்டையில் சார்ந்திருப்பவராக இருக்கிறதா என்பதையும் சென்னையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே சேர்த்துக்கொண்டு, அட்டையைத் திருச்சி கோட்டத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இடம் மாறிய பிறகு இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் அலைவது பெரும் துன்பம்.

தஞ்சாவூரில் மருத்துவம் குறைவு என்று நான் சொல்லவில்லை. 1959-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் டெல்டா மாவட்டங்கள் முழுவதற்கும் தாங்கு தூண். தனியாரிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. ரயில்வே அட்டை இல்லாத ஒரு குடும்பம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் இவ்வளவு உறுதியாக இருக்காது. இரண்டு ஊரிலும் நீங்கள் நம்பப் போகிற மருத்துவமனையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் ராத்திரி இரண்டு மணிக்கும் இயங்குமா, டாக்டர் உள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா?" கூப்பிட்டால்தான் வருவார் என்றால் எத்தனை நிமிடத்தில் என்று கேளுங்கள். அடைபட்ட ரத்தக்குழாயை மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் திறக்க வேண்டும் என்பது இதய மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் நேரம் அதற்கு முந்திய கணக்கு, அது உங்கள் கையில் இருக்கிறது.

அதை அளக்க வழி எளிது. மனசுக்குப் பிடித்த வீட்டின் வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஆட்டோவில் இரண்டு முறை போங்கள்: திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு முறை, முகூர்த்தம் உள்ள சனி அல்லது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒரு முறை. இரண்டில் அதிகமான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் அந்த வீடு வேண்டாம். தெரு முனையில் ஆம்புலன்ஸ் திரும்புமா என்பதையும் கண்ணால் பாருங்கள். வண்டி உள்ளே வராமல் ஸ்ட்ரெச்சரை முக்குவரை தூக்கி வரும் தெருக்கள் இரண்டு ஊரின் பழைய பகுதிகளிலும் உண்டு. தஞ்சாவூரில் கீழவாசல், திருச்சியில் மலைக்கோட்டை அடிவாரம் இதற்கு உதாரணம்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வு பெறுகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. நிலத்தடி நீர் வளம், கோயில், நடந்து போகிற தூரத்தில் கடைகள். ஆனால் அங்கிருந்து மாநகரத்துக்குள் வர நேர்வழி 1976-இல் கட்டிய காவிரிப் பாலம் ஒன்றுதான். 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பராமரிப்புக்காக அதை மூடியபோது தீவிலிருந்து வரும் வண்டிகள் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டும் வேலை எடுத்தார்கள், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி நாட்களில் உள்ளே வண்டி நகராது. இதய நோயாளி உள்ள வீட்டுக்கு ஒற்றைப் பாலத்தை நம்பிய இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் விஷயம் வேறு.

போக்குவரத்தில் திருச்சிக்குத் தெளிவான மேன்மை இருக்கிறது. கார்டு லைன் எனும் குறுக்குப் பாதையில் சென்னை எழும்பூர் 340 கிலோமீட்டருக்குள். வந்தே பாரத்தில் ஏறத்தாழ நாலு மணி நேரம். தென் மாவட்ட ரயில்கள் பெரும்பாலானவை திருச்சியைத் தொட்டே போகின்றன, ராத்திரி எந்த நேரமும் ஒரு வண்டி இருக்கும். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு மெயின் லைன், கும்பகோணம், மயிலாடுதுறை, கடலூர் வழி. தஞ்சாவூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஒற்றைப் பாதை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிர்வண்டிக்காக நிற்கும் நேரமும் பயண நேரத்தில் சேரும். உழவன், சோழன் நல்ல வண்டிகள்தான். மாதம் ஒரு முறை பெரம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் வித்தியாசம் உடம்பில் தெரியும்.

மகளுக்காக: திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள். கே.கே. நகரிலிருந்து ஆட்டோ தூரம். தஞ்சாவூரிலிருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல், சுங்கச்சாவடி ஒன்று. திடீரென்று கிளம்பி வருகிற மகளுக்கு, நள்ளிரவில் இறங்கியபின் இன்னொரு 55 கிலோமீட்டர் பயணம் இல்லாமல் இருப்பது நல்லது.

பேருந்தில் போகிறவர் என்றால் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். 2025-இல் மதுரை சாலையில் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் வந்து, வெளியூர்ப் பேருந்துகள் அங்கே மாறின. 'மத்திய பேருந்து நிலையம் பக்கத்திலேயே' என்று சொல்லி வீட்டுக்குக் கூடுதல் விலை கேட்டால், அந்தப் பக்கத்தின் மதிப்பே இப்போது மாறிவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். திருவெறும்பூர், காட்டூர் பக்கம் விலை கொஞ்சம் இறங்கி இருக்கும். ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சை நெடுஞ்சாலையில் அணுகுசாலை கேட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். பால் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் நாலு வழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய வீடு என்றால், அம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்துபோவார். அரியமங்கலம் குப்பைக்கிடங்கின் காற்று வீசும் திசையிலும் பார்க்க வேண்டாம்.

இனித் தண்ணீர், மண், வெள்ளம். ஊர்களை ஒப்பிடும் எல்லோரும் தடுமாறும் இடம் இது, ஏனென்றால் ஒரே ஊருக்குள்ளேயே இவை மூன்றும் மாறும்.

தஞ்சாவூரின் வடபகுதி, கரந்தை, வெண்ணாற்றங்கரைப் பக்கம், ஆற்று வண்டல். தெற்கே வல்லம் பக்கம் மேட்டு நிலம், செம்மண், செம்பாறை. நகரின் ஓரத்தில் புது மனைப்பிரிவுகள் பல பழைய நஞ்சை வயலில் வந்தவை. களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மூன்று அடி ஆழத்தில் சாதாரண அஸ்திவாரம் போட்ட வீடு நாலாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு விடும். பூச்சு வெடிப்பு மயிரிழையாக எங்கும் பரவி இருக்கும். அஸ்திவார வெடிப்பு ஜன்னல், கதவு மூலையில் தொடங்கி 45 பாகையில் சாயும், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். வாங்கப் போகும் வீட்டில் புதுப் பெயின்ட் இதை மறைத்திருக்கலாம். அதனால் அக்கம்பக்கத்து மதில் சுவர்களைப் பாருங்கள்; அவற்றுக்கு யாரும் பெயின்ட் அடித்து மறைப்பதில்லை. அந்த வகை மண்ணில் கட்டுவதாக இருந்தால் அடி பருத்த பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்), அதன் மேல் பிளிந்த் பீம் (தரைமட்ட விட்டம்) என்று போக வேண்டும்; பைல் மூன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. மண் பரிசோதனையில் 'வீக்கக் குறியீடு' கேட்டு வாங்குங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் மிகக் கடுமையான களி, 20-க்குள் என்றால் கவலை இல்லை.

திருச்சியின் தெற்குப் பகுதி, கே.கே. நகர், விமான நிலையப் பக்கம், கெட்டியான நிலம், கீழே பாறை. அஸ்திவாரத்துக்குச் செலவு குறையும், ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் செலவு ஏறும். மாநகராட்சி நீர் காவிரி, கொள்ளிடம் படுகையின் சேகரிப்புக் கிணறுகளிலிருந்து வருகிறது, தரம் நல்லது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்க வேண்டாம். மூன்று பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நாளைக்கு 400 லிட்டர், விருந்தினர் வந்தால் 600. சம்ப் 5,000 லிட்டர் இருந்தால் ஒரு வாரம் குழாய் வராவிட்டாலும் தாங்கும்.

போரைச் சோதிக்கக் கோடையின் கடைசிதான் சரியான காலம். மே மாத மதியம் மோட்டாரை 30 நிமிடம் ஓட விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா போரும் கொட்டும், அது குழாயில் தேங்கி நின்ற நீர். இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் போதும். காற்றோடு விட்டுவிட்டு வந்தால் ஊற்று நின்று வருகிறது என்று அர்த்தம். தரத்துக்கு: மோட்டாரை பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, அன்றே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், கடினத்தன்மை 200-க்குள், நைட்ரேட் 45-க்குள், ஃபுளோரைடு 1-க்குள் இருந்தால் நல்ல நீர். 500-க்குக் கீழே உள்ள நீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் தேவையில்லை, கிருமி நீக்கும் சாதாரண வடிகட்டி போதும். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், வீட்டு பாட்டிலில் எடுத்தால் முடிவு தப்பாக வரும்.

வெள்ளத்துக்குத் திருச்சியில் மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள்: கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான். மழைக்காலத்தில் தெற்கிலிருந்து வரும் காட்டுநீர் இவற்றில்தான் இறங்குகிறது. காவிரியும் நிறைந்து ஓடும் நேரத்தில் வடிய இடமில்லாமல் கருமண்டபம், உறையூர், வயலூர் சாலை ஓரப் பகுதிகளுக்குள் தண்ணீர் ஏறும். 2021 நவம்பரிலும் ஏறியது. தெருவில் மின்மீட்டர் பெட்டிகள் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்; எல்லா வீட்டிலும் ஒன்றுபோல ஐந்தடிக்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள். வீட்டுத் தரை தெருவைவிட இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும். சாலை போடும்போதெல்லாம் நாலு விரல் உயர்ந்து, பத்து ஆண்டில் வீடு பள்ளமாகிவிடுகிறது.

வெயில்தான் திருச்சிக்கு எதிராக எல்லோரும் சொல்வது. உண்மை, ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். தஞ்சாவூரில் வயலும் வாய்க்காலும் இருப்பதால் மாலை கொஞ்சம் இதமாக இருக்கலாம், ஆனால் அங்கும் அக்னி நட்சத்திரம் அக்னி நட்சத்திரம்தான். ஊரைவிடக் கூரை தரும் வித்தியாசம் பெரிது. மேல்தளம் வேண்டாம், மேலே இன்னொரு வீடு இருக்கும் தரைத்தளம் எடுங்கள். அம்மா படுக்கும் அறையின் சுவர் மேற்கு பார்த்து இருக்கக் கூடாது. ஏசி ஓட்டும் மாதங்களில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி, கீழே உள்ள யூனிட்களுக்கும் சலுகை விலை போய்விடும்.

அம்மாவுக்கு இன்னும் சில: வாசலில் படி இருந்தால் சரிவுப்பாதை போட ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அந்த இடம் இருக்கிறதா? கழிவறைக் கதவு 90 சென்டிமீட்டர் இருந்தால்தான் வாக்கர் நேராக நுழையும். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் 75 வைத்திருப்பார்கள். டேப்பைக் கையிலேயே கொண்டு போங்கள்.

பணக் கணக்கு. 55 லட்சத்தில் 8 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்: கழிவறை மாற்றம், கைப்பிடி, சம்ப், இடமாற்றம், ஓர் அவசரம். மிச்சம் 47 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. எனவே நீங்கள் பேசக்கூடிய உச்ச விலை 43 லட்சம்தான். 3 லட்சத்து 87 ஆயிரம் பதிவுக்குப் போகும். '50-க்கு முடித்துக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால், பத்திரம் முடிந்த அன்றே கை காலியாகிவிடும்.

மனையாகவோ புது மனைப்பிரிவில் வீடாகவோ வாங்கினால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண், ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், இந்த ஐந்தும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனை என்றால் வரன்முறை உத்தரவு கேளுங்கள். நஞ்சை நிலமாக இருந்ததா என்று பழைய அடங்கலில் தெரியும். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிப் பழைய வீடு ஏதாவது சொந்தக்காரர்கள் காட்டினால், நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் தடை, பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டரும் கட்டுப்பாட்டுக்குள். கழிவறையை இடித்து அகலப்படுத்த வேண்டிய உங்களுக்கு அது சரிவராது. புதுக்கோட்டை சாலைப் பக்கம் விமானப்படை நிலையம் இருப்பதால் போர் விமானச் சத்தத்தையும் வேலைநாள் பகலில் நின்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் தஞ்சாவூரின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. திருவையாறு தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாக 50-ஐ ஒட்டி வரும். நிலம் குத்தகையில் இருக்கும்வரை ஆண்டுக்கு ஆறேழு முறை போனால் போதும், திருச்சியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நீங்களே சாகுபடி செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. குறுவை, சம்பா இரண்டுக்கும் நாற்று, நடவு, இரண்டு களை, உரம், அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பு என்று எண்ணிப் பாருங்கள். நாற்பது பயணத்துக்குக் குறையாது. அப்போது தஞ்சாவூரில்தான் குடியிருக்க வேண்டும், மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டி, பொன்மலைக்கு மாதம் ஒரு முறை ரயிலில் வந்து போகும் ஏற்பாட்டோடு. துணைவியாரின் பாட்டும் சின்ன விஷயம் இல்லை. தியாகராஜர் ஆராதனை தை மாதத்தில் சில நாட்கள்; அந்த நாட்களுக்குத் தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிவிடலாம். ஆனால் வாரம் இரண்டு முறை பாட்டு வகுப்பு, கேட்டுப் பேசும் நட்பு என்று அவர் எதிர்பார்த்தால், திருச்சியில் அது எங்கே கிடைக்கும் என்பதை அவரே நேரில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். ஊர் மாறி முதல் ஆண்டில் வாடிப்போகிறவர்களில் வீட்டுப் பெண்கள்தான் அதிகம். அவர்களைக் கேட்காமலே இடம் முடிவாகிவிடுகிறது.

அதனால்தான் வாடகை. இந்த ஆகஸ்டில் குடிவந்தால் பதினோரு மாதத்தில் ஐப்பசி மழையும் அக்னி நட்சத்திரமும் இரண்டும் கடந்துவிடும். பொன்மலைப்பட்டியில் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் பக்கம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2017 சட்டம். சென்னை பிளாட்டை அதுவரை விற்காமல் வாடகைக்கு விடுங்கள், வருகிற வாடகை இங்கே கொடுப்பதை ஈடுகட்டும். ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் மட்டும் தேதியோடு எழுதி வாருங்கள்: தண்ணீர் வராத நாட்கள், மருத்துவமனைக்குப் போன ஒவ்வொரு முறையும் ஆன நிமிடங்கள், அம்மாவும் துணைவியாரும் வீட்டை விட்டு வெளியே போய் வந்த நாட்கள். அடுத்த ஜூன் மாதம் அந்த நோட்டோடு எழுதுங்கள். மூன்றாவது கணக்கு மாதத்துக்கு எட்டு நாளுக்குக் கீழே இருந்தால், வீடு வாங்குவதைப் பேசும் முன் தஞ்சாவூரில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பதைப் பேசுவோம்.